பனி வண்டி போன பிறகு

மாரென்,

பனியால் இன்று பள்ளி இல்லை. ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் இருக்கிறது.

எதிர்வீட்டு ஹாகன் அம்மா ஆறு மணிக்கே போன் செய்தார். "உன் பொண்ணு நேத்து காசு வாங்கிட்டு வாசல் பனியைச் சுத்தமாத்தான் அள்ளிட்டுப் போனா. அப்புறமா நகராட்சி வண்டி வந்து, தெருப் பனியையெல்லாம் என் வாசல்ல மதில் மாதிரி ஒதுக்கிட்டுப் போயிடுச்சு. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போகணும், கார் எப்படி வெளியே வரும்?"

ஒன்பதுக்குள் போய் அள்ளிவிடு. அதற்குக் காசு கேட்காதே. இனிமேல் வண்டி போன பிறகு அள்ளு.

"பன்னிரண்டு வயசுல என்னடி வியாபாரம்?" என்று நேற்று கேட்டேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய். மாலையில் பேசலாம்.

அம்மா

கையுறை ஹீட்டர் மேல் காய்கிறது.

நம் வாசல் பனியை நான் தொடவில்லை, காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். அதை அள்ள, ஊருக்குச் சொல்லும் விலையையே எனக்கும் சொல்.