வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை

நண்பருக்கு,

உங்கள் இரங்கல் கூட்டத்தில் பேச எழுதிய அதே குறிப்புச் சீட்டைப் பார்த்துத்தான் இதையும் எழுதுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எழுத வராது.

1. ஓவிய வகுப்பு பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தது.
2. அதை நான் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது.
3. நீங்கள் அதை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தது.

நான் போட்டிருக்கும் சட்டையில் இருபுறமும் சாக்கட்டிக் கோடு இருக்கிறது. இளைத்துவிட்டேன், சட்டையைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று காலையில் தல்லாகுளத்தில் ஒரு தையல் கடைக்குப் போனேன். அங்கே தைக்கும் பெண் டேப்பை எடுக்காமல் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்போக்கில் இரண்டு வளைவு போட்டாள். அளந்து பார்த்தால் சரியாக இருந்தது.

"எங்க டிராயிங் சார் பழக்குனது. பானையை முன்னாடி வச்சுட்டு அஞ்சு நிமிசம் பென்சிலைத் தொட விடமாட்டாரு."

நம் பள்ளியில் படித்தவள்; அவள் சொன்னது உங்களை. முதல் குறிப்பு இதுதான். கூட்டத்தில் நான் 'ரசனை வளரும்' என்று பொதுவாகச் சொல்லி முடித்திருந்தேன்.

இரண்டாவது. அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் தேறவில்லை. உங்கள் வியாழக்கிழமை ஓவியப் பாடவேளையை ஒரு வாரத்துக்கு மட்டும் கேட்டேன். "எடுத்துக்கங்கண்ணே. ஸ்கேல் இல்லாம உங்களுக்கு ஒரு கோடு வராது, கணக்காவது வரட்டும்" என்று சிரித்தீர்கள். ஒரு வாரம் தேர்வுவரை நீண்டது. அடுத்த ஆண்டு நான் கேட்கவேயில்லை. கால அட்டவணை எழுதுபவன் நான்தான்; அந்த இடத்தில் கணக்கு என்று எழுதிவிட்டேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது எனக்கும் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதை நீங்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை. அதனால் உங்களுக்கு வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

"அட, எங்க பீரியடைப் புடுங்குன கணக்கு சார் நீங்கதானா!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "சந்தோசமா குடுத்தாரா? நீங்க போர்டைப் பாத்து நிப்பீங்க சார். நாங்கல்ல வாசலைப் பாத்து உக்காந்திருந்தோம். வாராவாரம் கலர் கலக்குற கிண்ணத்துல தண்ணியோட வந்து வராந்தாவுல நிப்பாரு. நீங்க திரும்புனா போயிருவாரு."

இந்நேரம்வரை எனக்கு அழுகை வரவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுக்காமலே வந்துவிட்டேன் என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது.

கூட்டத்தில் உங்கள் மனைவி முன்வரிசையில் இருந்தார். 'மகிழ்ச்சியோடு' என்று நான் சொன்னபோது நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து எனக்கும் தம்ளரில் காபி கொடுத்தார்.

அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். போவேனா என்று எனக்கே தெரியவில்லை. கதவுவரை போய்த் திரும்பிவிடுகிற ஆள் நான். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது குறிப்பு தவறு.