என் பெயருக்குக் கீழே ஒரு கட்டம்

கேரின்ஸ் ஹார்பர்,
நியூஃபவுண்ட்லாந்து.
ஜூன் 19

அன்புள்ள மகன் ஆம்ப்ரோஸுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், நீயும் பதில் சொல்ல மாட்டாய். இந்தத் தடவை பதில் வேண்டும். பாதி படித்துவிட்டு மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப்பையில் சொருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடாதே. முகாமில் உன் அறையில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

போன ஞாயிறு போனில் உன்னிடம் நண்டு சீசனைப் பற்றியும் மூடுபனியைப் பற்றியும் இருபது நிமிடம் பேசினேன். அதற்கு முந்திய ஞாயிறும் அதேதான். "என்னம்மா, ரேடியோவுல வானிலை வாசிக்கிற வேலை கிடைச்சிருக்கா உனக்கு?" என்று கேலி செய்தாய். நான் சொல்ல வந்தது வேறு. சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நல்ல செய்தி. லொரெட்டா சித்தியின் மூத்தவன் ஃபின்டன் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டான். நெஞ்சில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதுவே ஒரு உதை கொடுத்துச் சரிசெய்துவிடுமாம். ஊர் முழுக்கச் சட்டையைத் திறந்து காட்டிக்கொண்டு திரிகிறான். மாதா கோயில் வாசலில் பாதிரியாரிடமே, "கிட்ட வராதீங்க ஃபாதர், ஷாக் அடிச்சுட்டா நான் பொறுப்பில்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லொரெட்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கல்லறைத் தோட்டத்தில் தன் மகன் லியோ இருக்கும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், நீ ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போன முதல் வருஷம், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டரும் மிஸ் ஹார்ட்விக் என்று ஒரு பெண்ணும் வந்தார்கள். கேரின் குடும்பத்து ஆண்கள் முப்பது வயசு தாண்டியதும் நின்ற இடத்தில் சாய்ந்து செத்துப்போவது ஏன் என்று கண்டுபிடிக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டோம். நான் இரண்டு தட்டு திராட்சை ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். நாற்பத்து மூன்று பேர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தோம். ஊசிக்குப் பயந்த லியோகூடக் கொடுத்தான். டாக்டர் என் ரொட்டியைத் தின்றுகொண்டே, "கண்டுபிடிச்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வோம்மா, உங்க ரத்தமாச்சே" என்றார்.

ஐந்தே வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே ஒரு மரபணுவில் ஒரு சின்னப் பிசகு. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நம் துறைமுகத்துப் பாறையைப் படம் பிடித்துப் போட்டு, பத்திரிகையில் கட்டுரை எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு தபால் அட்டைகூட வரவில்லை. அடுத்த வருஷம் லியோ படகின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு துறையில் நடந்தபோது விழுந்தான். முப்பத்து மூன்று வயசு. அவன் ரத்தம் அவர்களுடைய குளிர்பெட்டியில் இருந்தது, ஆம்ப்ரோஸ். அவனுக்கு அந்தப் பிசகு இருந்தது அந்தக் கட்டடத்துக்கே தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

ஃபின்டன் ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டிருக்கிறான். ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தில் பெயர் கிடையாது, எண்தான் ஒட்டியிருக்கும், தனித்தனி ஆளுக்கு முடிவைச் சொல்ல அப்போது விதி இல்லை என்று பதில் வந்ததாம். ரொட்டி தின்ன மட்டும் விதி இருந்தது.

இப்போது புது ஆட்கள் வந்து, பழைய தாள்களைத் தூசி தட்டி, போன மார்ச்சில் வீடு வீடாகக் கடிதம் அனுப்பினார்கள். ஃபின்டனுக்கு வந்தது தடித்த உறை, உடனே வந்து பரிசோதனை செய்துகொள் என்று. உனக்கு வந்தது மெல்லிய உறை. உன் சொல்படி பிரித்து உனக்கே போனில் வாசித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? 'எங்கள் குடும்ப வரைபடத்தின்படி தாங்கள் பாதிக்கப்பட்ட கிளையைச் சேர்ந்தவர் அல்ல. தங்களுக்குப் பரிசோதனை தேவையில்லை.' நீ, "பின்ன? நாங்க டோபினாச்சே, எங்க நெஞ்சு கருங்கல்லு" என்று சொல்லிவிட்டு ஐஸ் ஹாக்கி ஆடப் போனாய். அப்பா இரண்டு கிளாஸ் ரம் குடித்தார். நான் திராட்சைப் புட்டு அவித்தேன். அந்தக் கடிதத்தைக் காந்தம் வைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், மத்தியானம் காட் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். லொரெட்டா உள்ளே வந்தாள். எப்போதும்போல் கதவைத் தட்டவில்லை, ஆனால் எப்போதும்போல் உட்காரவும் இல்லை. "ஆம்ப்ரோஸ் டெஸ்டுக்குப் போயிட்டானா அக்கா?" என்று கேட்டாள். அவனுக்குத் தேவையில்லை என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள், பிரிட்ஜைப் பார் என்றேன். அவள் போய் நின்று இரண்டு தரம் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, கோவிச்சுக்காத. அவன் டொமினிக் புள்ளதானே?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. "என் வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற நீ?" என்று கத்தினேன். கையில் மீன் வெட்டும் கத்தி வேறு. அவள் பதறவில்லை. "கத்து. கத்தி முடிச்சுட்டு அவனுக்குப் போன் பண்ணு. ரெண்டு பேரைப் பொதைச்சுட்டேன்க்கா, மூணாவது என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப் போவதில்லை. ஆனாலும் முப்பத்து நாலு வருஷமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால், முறையாக ஒரு தரம் எழுதிவிடுகிறேன். டொமினிக் சித்தப்பா சறுக்குமேடையில் படகை இழுத்துக்கொண்டிருந்தபோது செத்தார். அவருக்கு முப்பத்தொன்று. அவர் மனைவி, என் தங்கை லொரெட்டாவிடம் ஐந்து பிள்ளைகள், அதோடு ஆறு வாரக் குழந்தையாக நீ. அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய கம்பளிச் சட்டையில் உன்னைச் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். இந்தத் துறைமுகத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை வளர்கிறது. இதற்குக் கோர்ட்டும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பாதிரியார் டோபின் என்று எழுதினார். அத்துடன் பேச்சு முடிந்தது.

ஒன்பது வயசில் லியோவுடன் சண்டை போட்டுக்கொண்டு வந்தாய். "லியோ என்னைத் தம்பின்னு சொல்றான்மா, நெசமா?" என்று கேட்டாய். "சூப் ஆறுது, உக்காந்து சாப்பிடு" என்றேன். நீ உட்கார்ந்து சாப்பிட்டாய். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோயில் மண்டபத்தில் அந்த மிஸ் ஹார்ட்விக் ஒரு நீளத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஆணுக்குச் சதுரக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு என்று பென்சிலால் வரைந்துகொண்டே போனாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டாள். மூன்று என்றேன். வேறு என்ன சொல்வேன்? உன் அக்காமாருக்கு இரண்டு வட்டம், உனக்கு ஒரு கட்டம் போட்டு, எல்லாவற்றையும் என் பெயருக்குக் கீழே கோடு இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள். பெற்ற பிள்ளையா என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அடுத்து நின்ற லொரெட்டா ஐந்து என்றாள். நாற்பத்து மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. வெளியூர்க்காரி முன்னால் அதைத் திருத்துவது என்னைக் கன்னத்தில் அறைவது மாதிரி என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். நீ இங்கே இல்லாததால் உன் ரத்தமும் அவர்களிடம் இல்லை. அந்தப் பென்சில் கோடு ஒன்றை நம்பி, உனக்கு ஆபத்தில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறார்கள்!

பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பையன் பேசினான், ரொம்ப மரியாதை. "மன்னிச்சுக்குங்கம்மா, அவரு முப்பத்தி நாலு வயசு ஆளு. அவரு வந்து சொல்லாம நாங்க படத்த மாத்த முடியாது. பதிவேட்டுலயும் டோபின்னுதானே இருக்கு?" என்றான். தப்பாகச் சொன்னபோது மறுகேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டவர்கள், சரியாகச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். பிறகு, "நீங்க அவருக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டான். அம்மா என்றேன். இல்லை என்றேன். மறுபடியும் ஆமாம் என்றேன். மத்தியானமே குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். போனை வைத்துவிட்டேன்.

அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் நான் சாகும் வரைக்கும் போகாது. ஆனால் என் மேல் உள்ள கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். மார்ச்சிலிருந்து அந்தக் கடிதம் என் பிரிட்ஜில் தொங்கியது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். அது தப்பு என்று ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. நான் உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, மகனே. சத்தியமாக மறந்துபோயிருந்தேன். அந்த மறதியால் நீ மூன்று மாதம் பனித்தளத்தில் மூச்சு வாங்க ஓடியிருக்கிறாய். 

ஆகவே இதைக் கேள். இன்றோடு ஹாக்கியை நிறுத்து. கனமான எதையும் தூக்காதே. உன் மேஸ்திரி முணுமுணுத்தால் அவன் நம்பரை எனக்கு அனுப்பு, நான் பேசுகிறேன். ஃபின்டனைப் பார்த்த டாக்டரின் நம்பரை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன், அவளே அங்குள்ள ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுவாளாம். பாதிக்குப் பாதிதான், ஒன்றும் இல்லாமலும் போகலாம். இருந்தாலும் ஃபின்டன் மாதிரி ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொண்டு கிழவனாகும் வரை இருக்கலாம். லியோவுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கும்.

அங்கே ஒரு தாளைக் கொடுப்பார்கள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் டொமினிக் கேரின் என்று எழுது. வயசு முப்பத்தொன்றில் இறந்தார், திடீர் மரணம் என்று எழுது. தாய் என்ற இடத்தில் லொரெட்டாவின் பெயரை எழுது. உனக்குக் கை வராது, எனக்குத் தெரியும். என்னை நினைத்துக்கொண்டு தயங்காதே. என் பெயருக்குக் கீழே இருக்கிற அந்தக் கட்டத்தை அழித்து, லொரெட்டாவின் பெயருக்குக் கீழே போடச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

அந்தத் தாளில் மட்டும் அழித்தால் போதும். மாதா உன் கூடவே இருப்பாள். ரத்தம் கொடுத்த அன்றே எனக்குப் போன் செய், வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இப்படிக்கு, எப்போதும்போல,
உன் அம்மா
பிலோமினா டோபின்