கார்டு செல்லுபடியாகும் பக்கம்

2-ம் தேதி, திங்கள்

மூடாப்பு. மழை இல்லை. புயல் போய் நாலு மாதம், படுக்கையறைச் சுவர் இன்னும் ஈரம். கம்பெனியிலிருந்து ஈரமானி கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். ஓர் அடி உயரத்தில் 29 சதவீதம். மூன்று அடியில் 22. பதினைந்துக்குக் கீழே வரணும். கறுப்புப் பூஞ்சையை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன். போன தடவை தேய்த்தது தேவி. மூச்சு வாங்கிக்கொண்டே.

நிலாவுக்கு இருமல்.

4, புதன்

ஆந்திர அரசு மண்டல ஆபீஸிலிருந்து சர்வே. புது நர்ஸம்மா, பாதி தெலுங்கு பாதி தமிழ், கையில் டேப்லெட்.

"இன்ட்லோ எத்தனை பேரு?"

"ரெண்டு. நானும் பொண்ணும்."

"மூணு காட்டுதே. உங்க வைஃப் தேவி எக்கட, வேலைக்கா?"

செத்து ஆறு வாரம் என்றேன். அதற்கு டேப்லெட்டில் கட்டம் இல்லையாம். புயலுக்கு அப்புறம் முகாமில் அவளுக்கு எழுதிய இன்ஹேலர் இப்போதுதான் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஃபிரிட்ஜ் மேல், ஆந்திரா ஹெல்த் கார்டு பக்கத்தில்.

5, வியாழன்

கன்வேயர் மோட்டார் புகைந்தது. மாற்றினேன். ஷிப்ட் முடிந்து வேன் ஓட்டும் முனுசாமி அண்ணனோடு டீ.

"அன்னிக்கு தேவிய ஏத்திக்கினு இன்னாத்துக்குடா திருப்பதிக்கு உடச் சொன்ன? தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி தோ கீது."

"நம்ம கார்டு அங்க செல்லாதுண்ணா."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில எவன் கார்டு கேக்கறான்? எம் பொண்டாட்டி ரெண்டும் பெத்தது அங்கதான்."

"சொல்லியிருக்கலாமே. நீதான ஓட்டின."

"நீ படிச்சவன். கார்டக் கையில புடிச்சிக்கினு ஏறின. நான் இன்னா சொல்றது?"

அன்று, புயலில் தரைப்பாலம் அடித்துப்போனதால் சுற்றுவழி. திருப்பதிக்கு மூன்று மணி நேரம் பத்து நிமிடம். புத்தூர் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்திருந்த கையை தேவி விட்டுவிட்டாள்.

டீ குடிக்கவில்லை.

8, ஞாயிறு

காலை ஆறரை. நிலாவுக்கு இழுப்பு. விலா உள்ளே போகிறது. அண்ணனுக்கு போன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. எல்லையைத் தாண்டினோம்.

சீட்டுப் போடும் இடத்தில் கார்டை நீட்டியிருக்கிறேன். எப்போது எடுத்தேனோ.

"இது இன்னாத்துக்கு? கொயந்த பேரு சொல்லு, வயசு சொல்லு."

நிலா. நாலு.

மூக்கில் மாஸ்க், மருந்துப் புகை. அரை மணியில் இழுப்பு நின்றது. இட்லி கேட்டாள்.

வீட்டு வாசலிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை, பால் லாரிக்கு ஒதுங்கி நின்றதையும் சேர்த்து, 26 நிமிடம்.