அவைக் குறிப்பில் நான் திருத்தாத பிழை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கோர்மக்கும் ஆஸ்திரேலியாவில் அந்தப் பெர்த் வெயிலில் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, எடு என்று கேட்கும் முகமும் எனக்கில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். அலுவலகப் பெண்ணை வைத்துத் தட்டச்சு செய்யவில்லை, சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

இங்கே அயர்லாந்தில், நம் மேயோவில் மழை விட்டபாடில்லை, கீழ் வயல் முழுக்கத் தண்ணீர். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன, ஒன்று இரட்டைக் குட்டி. உன் நாய்க்குக் கிழத்தனம் வந்துவிட்டது, தபால்காரரைப் பார்த்துக் குரைக்கக்கூட எழுந்திருப்பதில்லை. பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஆட்டையும் நாயையும் பேசிக்கொண்டிருக்கிறேன். மேலவையில் என்னை யாரும் வாயடைக்க முடியாது, உன்னிடம் மட்டும் இப்படிச் சுற்றி வளைக்கிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன் மகளே. போன மாதம் ஆம்புலன்ஸ் மசோதா விவாதம். கையில் புள்ளிவிவரமெல்லாம் எழுதித் தயாராகத்தான் போனேன். அவையில் மொத்தமே ஆறேழு பேர், அமைச்சர் தலையைக் குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். நான் எண்களைப் படிக்கப் படிக்க எதிர்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காகிதத்தைக் கீழே போட்டேன், வாயைத் திறந்தேன், உன் கதை வந்துவிட்டது. நீங்கள் பெர்த்துக்குப் போகுமுன் இங்கே இருந்தபோது, கருவுற்ற நாலாம் மாதத்தில் உனக்கு உதிரம் போனதும், ஆம்புலன்ஸ் பக்கத்து மாவட்டத்திலிருந்து வர நீ வீட்டுத் தரையில் கிடந்து காத்திருந்ததும், நீ பிழைத்ததே பெரிது என்று மருத்துவர் சொன்னதும், எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்கூட வைக்காத என் பேரக்குழந்தை என்றும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு இருப்பது ஒரே மகள், இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

அமைச்சர் தலை நிமிர்ந்தார். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது டெர்வ்லா, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, பேசியதை எழுதி எடுப்பவர்கள் வழக்கம்போல் என் பேச்சைச் சரிபார்க்க அனுப்பினார்கள். அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்று பதிப்பாசிரியர் அட்ராக்டாவுக்குப் போன் செய்து கெஞ்சினேன். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் சொன்னார், "செனட்டர், ஊர் பேரு, ஆள் பேரு தப்பாயிருந்தா சொல்லுங்க, திருத்திடறேன். சொன்னதைச் சொல்லாத மாதிரி ஆக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்று. சாயங்காலத்துக்குள் உள்ளூர் வானொலி என் குரலையே ஒலிபரப்பிவிட்டது.

சம்பந்தியம்மா ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். "என் மருமக அப்படிக் கெடந்திருக்கா, நான் அந்த வாரம் அவளைப் பாத்து, ஏன்டி இப்படிச் சோம்பலா இருக்கேன்னு கேட்டேனே" என்று அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். உள்ளே வரத் தைரியமில்லை.

மசோதா நிறைவேறிவிட்டது. நம் ஊரிலேயே ஒரு ஆம்புலன்ஸ் நிற்கப்போகிறது. ஆட்டுச் சந்தையில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். உன் காசில் வாங்கிய சாமானுக்கு எனக்கு நன்றி சொல்வது மாதிரி இருக்கிறது. தொடக்க விழாவில் பேசக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். நான் மாட்டேன் என்றதை நம்பாமல் மறுபடி ஒருமுறை கேட்டார்கள்.

அம்மாவின் மேல் கோபப்படாதே. நீ ரகசியமாகச் சொன்னதை அவள் ஊர்க்கதை பேசுவதுபோல் என்னிடம் சொல்லவில்லை. தனியாகத் தாங்க முடியாமல் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள், நான்தான் விடாமல் கேட்டுப் பிடுங்கினேன். "அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னேனேம்மா" என்று நீ அனுப்பிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. என் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நேற்று நான் வாய் தவறி, பேர்கூட வைக்காத பிள்ளைக்கு இவ்வளவு துக்கம் என்று ஏதோ முனகினேன். அவள் கதவடியில் நின்று திரும்பினாள். "அதுக்குப் பேர் இருந்துச்சுங்க. அவளும் கோர்மக்கும் வெச்சாங்க. உங்ககிட்டதான் சொல்லல" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

ஆக, நான் அவையில் சொன்னதும் தப்பு, சொன்ன விஷயமும் தப்பு. இது அட்ராக்டா திருத்தித் தரக்கூடிய பிழைதான், ஒரு போன் போதும். நான் போடவில்லை. அந்தக் குறிப்பில் பெயரில்லாத குழந்தை என்றே இருக்கட்டும். உன் வாழ்க்கையில் நான் எடுத்து ஊருக்குக் கொடுக்காத ஒன்றாவது உன்னிடம் மிஞ்சட்டும். அந்தப் பெயரை நான் அம்மாவிடம் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்க மாட்டேன்.

என்னை மன்னி என்று எழுதினால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும், என் மன்னிப்புப் பேச்சுகளை நீ நிறையவே கேட்டவள். ஒன்றே ஒன்றுதான் வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிடு. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டே தேநீரை ஆறவிடுகிறாள். பக்கத்தில் நான் இருந்து ஒட்டுக்கேட்பேனோ என்று தயங்காதே, அந்த நேரத்துக்கு மேல் வயலுக்கு ஆடு பார்க்கப் போய்விடுவேன். நீங்கள் பேசி முடித்ததும் அம்மா சமையலறை ஜன்னலில் விளக்கைப் போட்டால் போதும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். என்ன பேசினீர்கள் என்று கேட்க மாட்டேன்.

வெயிலில் தொப்பியில்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னையும் கோர்மக்கையும், உங்களிடமிருந்து போன அந்தச் சின்ன உயிரையும் தன் கையில் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன்
அப்பா மலாகி

பி.கு.: நீயாகக் கூப்பிடுவாயோ என்று, போன ஞாயிறே அம்மாவிடம் இந்த விளக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு மேல் வயலுக்குப் போனேன், விளக்கு எரியவில்லை. இருட்டும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.