டோனியைத் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன்

என் டோனியோட அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நினைவஞ்சலிக்குப் படமும் அதற்குக் கீழே நாலு வரியும் போதும் என்றார்கள் பேப்பர்காரர்கள். நாலு வரி எனக்கு எந்த மூலைக்கு? சொல்வதற்கு ஒரு கல்யாணமே இருக்கிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இப்போதாவது உட்கார்ந்து கேளுங்கள்.

நம் ஜோசபினுக்குக் கல்யாணம் முடிந்தது. ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்க லண்டன் போனவள் அங்கே பாவ்லோவைப் பார்த்திருக்கிறாள். போர்ச்சுகல்காரன், நம் வேதம்தான். என்னை வாய் நிறைய "அம்மா" என்கிறான். மாப்பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் பயமெல்லாம் டோனியைப் பற்றித்தான்.

உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன மூன்றாம் வருடம் அவனும் ஆரம்பித்துவிட்டான். உங்களுக்குச் சம்சுச் சாராயம், அவனுக்கு பீர். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒருநாள் போதையில் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, "இனிமே தொட மாட்டேம்மா" என்றான். கல்யாணப் பேச்சு வந்தபோது அவன் விட்டுப் பதினான்கு மாதம். ஒவ்வொரு நாளும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜோசபின் போன் செய்தாள். "அம்மா, கல்யாணம் பாவ்லோ ஊர்ல. பழைய அரண்மனைம்மா! அவங்க அப்பாதான் அங்க தோட்டத்தைப் பாத்துக்கிறாரு. கல்யாணத்துக்கு முதலாளி அரண்மனைக் கோயிலைக் குடுத்துட்டாரு."

"என்ன தோட்டம்டி?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "திராட்சைத் தோட்டம். வைன் செய்யற இடம்மா."

இங்கே நம் கோயிலில் பூசை, சமூக மன்றத்தில் விருந்து என்று வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சினேன். அவள் அழுதாள். "மாமனாருக்கு அதைவிட்டா வேற எடம் தெரியாதும்மா. அப்பா இல்லாத எனக்கு அண்ணன்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அண்ணன் இல்லாம நான் நடக்க மாட்டேன்." சரி என்றேன்.

சிராங்கூன் சாலையில் புடவை எடுக்கப் போனேன். கடைக்காரம்மா, "அரண்மனையில கல்யாணமா! குடுத்து வச்சவங்க லா நீங்க" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். டோனியை எப்படி வீட்டிலேயே நிறுத்துவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டோனியிடம் சுற்றி வளைத்தேன். "அங்க குளிரு அதிகமாம்டா. உன் கைக்கு ஒத்துக்காது. லீவு கிடைக்கலன்னு சொல்லிடேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான். "நேரா சொல்லுங்கம்மா. நான் குடிச்சிடுவேன்னு பயப்படுறீங்க."

"சேச்சே, யார்டா அப்படிச் சொன்னா!" என்று எழுந்து குழாயைத் திறந்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். எனக்கு ஏன் எப்போதும் வாய் அடைத்துப் போகிறது?

ஜோசபினுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். வாழ்த்துச் சொல்லி எல்லாரும் வைன் எடுக்கும்போது அண்ணன் கையில் ஆரஞ்சுச் சாறுதான் இருக்க வேண்டும். அவனை யாரும் பீப்பாய் இருக்கும் நிலவறைப் பக்கம் அழைத்துப் போகக் கூடாது. அவன் அறையில் ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாது. சம்பந்தியம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாராம். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

அங்கே போய் இறங்கினால், ஐயோ, அந்த வாசனை! அறுவடை முடிந்த நேரம். சுவரெல்லாம் நீலப் பூ ஓடு பதித்த பெரிய மாளிகை, கண் கொள்ளாத அழகுதான். ஆனால் அடித்தளத்தில் வரிசையாகப் பீப்பாய். படியில், தாழ்வாரத்தில், போர்வையில்கூட அந்தப் புளிப்பு வாசனைதான் அடித்தது. சாப்பாட்டு மேசையில் தண்ணீருக்கு முன்னால் வைன் வருகிறது. பெரியவர்கள் அன்பாக ஊற்ற வருகிறார்கள். டோனி ஒவ்வொரு தடவையும் கிளாசை உள்ளங்கையால் மூடினான். முதல் நாள் ஆறு தடவை. ஏழாவது தடவை அந்தக் கை எழும்பாமல் போனால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தோட்டத்தில் நடந்தால் பின்னாலேயே நடந்தேன். கழிப்பறைக்குப் போனால் வெளியே நின்றேன். சம்பந்தியம்மா எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று ஜோசபின் சிவப்புப் பட்டில் வந்தாள். டோனி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். உங்கள் நடை, அதே தோள். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தாலியை பாவ்லோ கட்டினான். ஒரு நிமிடம் எனக்குப் பயம் மறந்தே போனது.

நற்கருணை வந்தது. இங்கே நம் கோயிலில் அப்பம் மட்டும்தானே நாக்கில் வாங்குவோம்? கிண்ணத்துத் திராட்சை இரசம் ஃபாதருக்கு. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியதால் மேசை, அறை, நிலவறை என்று எல்லாவற்றுக்கும் காவல் போட்டவளுக்குப் பீடம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்த ஃபாதர் கிண்ணத்தை ஜோசபினுக்குக் கொடுத்தார். பிறகு பாவ்லோவுக்கு. பிறகு கிண்ணத்தோடு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். ஓரத்தில் டோனி, அடுத்து நான். அந்தத் தோட்டத்தின் வைன் அவன் முகத்துக்கு நேராக வந்தது. ஆண்டவரையே எப்படி வேண்டாம் என்பான்?

நான் பாய்ந்துவிட்டேன். அவனைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடுங்கினேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். என் வாயில் அது பட்டது வாழ்க்கையில் அன்றுதான். தொண்டை எரிந்தது. ஃபாதர் வெறும் கையோடு என்னைப் பார்த்தார். சாமி தண்டிக்குமோ என்றுகூடத் தோன்றவில்லை, பிள்ளை தப்பித்தான் என்றுதான் தோன்றியது.

பூசை முடிந்ததும் டோனி என்னை முற்றத்துக்கு அழைத்துப் போனான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, நேத்தே பாவ்லோவைக் கூட்டிட்டுப் போய் ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு அப்பம் மட்டும் போதும்னு. அவரு என்னைத் தாண்டி உங்களுக்குத்தான் நீட்டினாரு."

நான் முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

"இத்தனை பேர் முன்னாடி என்னைக் குடிகாரன்னு சொல்லாம சொல்லிட்டீங்க." பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்பாவை ஒரு நாளாவது இப்படித் தடுத்தீங்களா?"

இல்லை. உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்து நானே கிளாசைக் கழுவி வைத்தேன். ஊறுகாயும் எடுத்து வைத்தேன். ஒரு நாளாவது "வேணாங்க, பயமா இருக்கு" என்று சொன்னேனா? சொல்லியிருந்தால் நீங்கள் குடியை விட்டு இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பீர்களா? அவனிடமும் "இல்லடா" என்றுதான் சொன்னேன்.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கும் பயமாத்தான்மா இருக்கு. தினமும். நீங்க பின்னாடியே வந்தா நான் உங்க பயத்தையும் சேர்த்துப் பாக்க வேண்டியிருக்கு. என்னால முடியல." சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதான். கையுடைந்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினேன். ஜோசபின் வந்து எங்களை விருந்துக்கு அழைத்துப் போனாள்.

இப்போது குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து ஆறரைக்கு வருபவன் முந்தாநாள் ஏழரை வரை வரவில்லை. பால்கனிக்கும் கதவுக்கும் நடந்து நடந்து கால் வலித்தது. உள்ளே வந்ததும் வழக்கம்போல் அவன் பக்கத்தில் போய் மோந்து பார்க்கத்தான் கால் எழுந்தது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டேன்.

"டோனி, நீ வரலன்னதும் எனக்கு ரொம்பப் பயமாயிடுச்சுடா" என்றேன். அவ்வளவுதான். சொல்வதற்குள் உயிர் போய் வந்தது.

அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "எனக்கும்தாம்மா. கோப்பிக்கடையில கூட்டாளிங்க பீர் குடிக்கக் கூப்பிட்டாங்க. அந்தப் பக்கம் போற பஸ்ஸை விட்டுட்டு நடந்தே வந்தேன். சாப்பாடு என்ன?"

மீன் குழம்பு என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான்.

நாளைக்கு அவன் விழுவானா என்று எனக்குத் தெரியாது. விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். உங்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதுபோல் உங்கள் பிள்ளை முன்னால் நிற்க மாட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உங்களிடம் சொல்லாததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, டோனிக்கும் ஜோசபினுக்கும் அம்மா,
ஆரோக்கியமேரி