அன்றைக்கு என் காதில் விழுந்தது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்குக் கை வரவில்லை. நாங்கள் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், மாடிப்படி இறங்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள், படியை நான் கட்டியது மாதிரி. எனக்குக் காது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரி. இந்தக் கடிதமே அந்தக் காதைப் பற்றித்தான். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நீ ஏதாவது பதில் சொல்வாய், அதில் பாதிதான் எனக்குக் கேட்கும், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். அப்படி நிரப்பப் போய்த்தான் நாலு மாதமாக நீ என்னோடு பேசாமல் இருக்கிறாய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ரோட்டோரத்தில் எங்கேயோ நின்று பேசினாய், பின்னால் வண்டிச் சத்தம். நான் வழக்கம்போல, மருமக எங்கப்பா, கூப்பிடு, ரெண்டு வார்த்தை பேசறேன் என்றேன். நீ என்னென்னவோ சொன்னாய். அதில் போயிட்டாப்பா என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. கடைக்கோ வேலைக்கோ போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போயிட்டாளா, நல்லது நல்லது, போயிட்டு வரட்டும் என்று சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். லைன் கட்டாயிடுச்சு என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் செருப்புக்கு ஆணி அடிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டை விட்டே போய்விட்டாள் என்று நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. இதை நீ நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் உன்மேல் தப்பில்லை. கல்யாணத்துக்கு முன்னால், இது ரொம்ப நாள் ஓடாது என்று சொன்னவன் நான்தானே. அப்படிச் சொன்ன வாயிலிருந்து நல்லது என்று வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முப்பத்தோரு வருஷமாக நான் செய்த வேலை உனக்குத் தெரியும். நீ ஒன்றாம் வகுப்பில், எங்கப்பா ரோட்டைக் கேட்பார் என்று டீச்சரிடம் சொல்லி வகுப்பே சிரித்ததாம், உன் அம்மா இப்போதும் சொல்வாள். விடிந்தும் விடியாத நேரம், பஸ் ஓடத் தொடங்கும் முன்னால் போய், இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் வால்வில் வைத்து, மறுமுனைக் கட்டையைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றால், ரோட்டுக்கு அடியில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கேட்கும். ஸ்ஸ் என்று மெல்லிசாக. எங்கள் தண்ணீர் ஆபீசில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். பள்ளம் தோண்டுகிற ஆட்களுக்குத் தலைவன் பீப்பாய் இருக்கிறானே, நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறான், நாற்காலி உடைந்ததே, அவன் வைத்த பெயர். போன வருஷம் ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அந்த ஸ்ஸ் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. குழாயை எல்லாம் இறுக்கினேன். மேல்தொட்டியைப் போய்ப் பார்த்தேன். சுவரில் காதை வைத்து ஒவ்வொரு அறையாகப் போனேன், போன அறையிலெல்லாம் கசிந்தது. உன் அம்மா, என்னங்க சுவரோட ரகசியம் பேசறீங்க என்றாள். மாடியில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்ட பிறகுதான் புரிந்தது. பொத்தினால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. கசிவு என் தலைக்குள்தான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம்கூட மறைத்தேன், அவள் கண்டுபிடித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ரொம்பப் பிறகு, குக்கரால். மூணு விசில் வந்தா அணைங்க என்று சொல்லிவிட்டு மேலே போவாள், நான் காதுக்குள் வருகிற விசிலையும் சேர்த்துக்கொண்டு அணைத்துவிடுவேன், அரைவேக்காட்டுச் சோறு. இன்னொரு நாள் நிஜமாகவே எட்டு விசில் வந்ததாம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அது நம்ம காதுதான் என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்லுவாங்க, எனக்கு வாய்ச்சவருக்குச் சங்கு உள்ளேயே இருக்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் போனுக்கு அடுத்த வாரம், என் காது விஷயம் அவளுக்குத் தெரியாதபோதே, நீ அவளிடம் தனியாகச் சொன்னதை அவள்தான் எனக்குச் சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அதனால் அவள் அழுதது எதற்கென்று தெரியவில்லை. அவன் அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கான், நீங்க நல்லதுன்னு சொன்னீங்களாமே, உங்க நெஞ்சுல ஈரமே கிடையாதா என்று கேட்டாள். அந்த நிமிஷமே உனக்குப் போன் போட்டு, எனக்குக் கேக்கலைப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். நான் சொல்லவில்லை. சொன்னால் காது போனது வெளியே வரும், நீ உன் அக்காவிடம் சொல்வாய், அவள் நாலு பேரிடம் சொல்வாள், ஆபீசுக்கு எட்டும், கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அப்பாவுக்குக் காது கேட்காது என்பதைவிட அப்பாவுக்கு இரக்கம் கிடையாது என்று நீ நினைத்தால் பரவாயில்லை என்று விட்டேன். தம்பி, இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான், எழுதிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு நாள் மறைக்க முடியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் தையல்கடை வாசலில் கசிவு என்று சொன்னேன். புதிதாக வந்திருக்கிற இன்ஜினியர், உன்னைவிடச் சின்னப் பெண், கம்பியை வாங்கி அவளும் வைத்துப் பார்த்துவிட்டு, சார் இங்க ஒண்ணும் கேக்கலையே என்றாள். உனக்கு இன்னும் காது பழகலைம்மா என்று நான் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். பீப்பாய் மூன்று இடத்தில் தோண்டினான், மூன்றும் காய்ந்த மண். தையல்காரர் வாடிக்கையாளர்கள் வருவதற்குப் பள்ளத்தின்மேல் பலகை போட்டு ஒவ்வொருவராகக் கை பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பீப்பாய் என்னைப் பார்த்து, அண்ணே, பாம்பு சட்டையைத்தான் உரிக்கும், காதையுமா உரிச்சிடுச்சு என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நிஜக் கசிவு அடுத்த தெருவில் இருந்தது. முதல்நாள் நான் அதன்மேல் நின்று கேட்டு, இது நம்ம காது என்று விட்டுவிட்டு வந்த இடம். அது தெரிந்த பிறகு இன்ஜினியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதல்லயே சொல்லியிருக்கலாமே சார் என்றாள், திட்டவில்லை. மறுநாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை மீட்டர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் பயந்துகொண்டிருந்ததெல்லாம் ஒரே ஒரு தாள்தான். அதற்காகத்தான் உன்னை நாலு மாதம் அப்படி நினைக்க விட்டேன்.

காது டாக்டரிடமும் போனோம். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள், அவர்கள் எதுவும் போடாதபோதும் நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். ரோடு வெட்டுகிற மெஷின் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றது, வயது, இரண்டும் சேர்ந்துவிட்டது, இடது காது மெல்லிய சத்தங்களை இழந்துவிட்டது, இழந்த இடத்தை மூளை இந்த ஸ்ஸைப் போட்டு நிரப்புகிறது என்று விளக்கினார். என் மூளையும் என்னை மாதிரித்தான், கேட்காததை நிரப்பிக்கொள்கிறது. இதை ஒரேயடியாக நிறுத்த மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ளலாம், காதுல போட்டுக்காதீங்க என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர், அது காதுலதான் இருக்கு, வேற எங்க போடுறது என்று அவள் கேட்டதும் டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு உபயோகமாகச் சிலது சொன்னார். அமைதியான இடத்தில் தனியாக உட்காராதீர்கள், பக்கத்தில் ஏதாவது மெல்லிய சத்தம் ஓடட்டும், கேட்கிறதா கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள், கேட்காதபோது கேட்கவில்லை என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். காதுக்குள் வைக்கிற மெஷினுக்கும் அளவு எடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் வரும். கடைசியாகச் சொன்ன அறிவுரைதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாய் பழக்கத்தில் சரி சரி, நல்லது என்று வந்துவிடுகிறது.

மீட்டர் அறையில் நாள் முழுக்க வேலை, கழற்றிக் கழுவிய மீட்டர்களை வரிசையாக மாட்டித் தண்ணீர் ஓடவிட்டுப் பார்ப்பது. அங்கே முதல்நாள் குழாயைத் திறந்ததும் எனக்கு ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது, என்ன குறைந்தது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள் என் சத்தம் போய் ஒளிந்துகொண்டது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயை நூல்போலத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். உன் அம்மா பத்ரகாளியாகிவிட்டாள். ஊர்த் தண்ணியெல்லாம் ஒழுகாம அடைச்ச மனுஷன், சொந்த வீட்டுல ஒழுக விட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்களே என்றாள். நியாயம்தானே. அப்புறம் மீன்தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார் ஒன்று வாங்கி, பழைய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி விழும்படி கூடத்து மூலையில் வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் மீன் எங்கே என்று கேட்கிறார்கள். மீன் இவர்தான் என்று உன் அம்மா சொல்கிறாள். தூக்கம் பரவாயில்லை. சத்தம் போகவில்லை, இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறோம்.

மருமகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது, அவள் எப்போதும் என் வலது பக்கமாக வந்து உட்காருவாள். நான் இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தால்கூட எழுந்து சுற்றி வருவாள். சாப்பிடும்போதும், உன் அக்கா வீட்டுக்கு நடந்து போகும்போதும் அப்படித்தான். ஒருநாள் மட்டும் மெதுவாக, மாமா, இடது காது உங்களுக்குச் சரியா கேக்கலையா என்று கேட்டாள். அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்றேன், அத்தோடு விட்டுவிட்டாள், யாரிடமும் சொல்லவும் இல்லை. கூடவே குடியிருக்கிற உன் அம்மாவுக்கும் எனக்கும் தெரியாததை, ஐந்து நாள் தங்கியவள் கண்டுபிடித்திருக்கிறாள். இடது காதில் மெல்லிய சத்தம் எதுவும் பதியவில்லை என்று டாக்டர் கோடு போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு அவள் உட்கார்ந்த இடம் ஞாபகம் வந்தது. இது ரொம்ப நாள் ஓடாது என்று சொன்னேனே, எந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பேச்சுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் இருவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, யார்மேல் தப்பு என்று கேட்கப்போவதும் இல்லை. அவளிடம் போய்ப் பேசு என்றும் சொல்லமாட்டேன், அது உன் விஷயம். வேளைக்குச் சாப்பிடு. ஆள் இல்லாத வீட்டில் விளக்குப் போடாமல் உட்காராதே, ரேடியோவையாவது ஓடவிடு, இதை இப்போது அனுபவப்பட்டவனாகச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. ரோட்டில் நின்று பண்ணாதே, வீட்டுக்குள் இருந்து பேசு, கத்த வேண்டாம், கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். நான் மீன் இல்லாத தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது காதில் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து திரும்பச் சொல்லு. கேட்காத இடத்தில் கேட்கவில்லை என்று சொல்கிறேன், நீ இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். பதில் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது, ஒன்றும் சொல்லாமலும் இருப்பேன், போனை மட்டும் வைத்துவிடாதே.

நீ எங்கே இருந்தாலும் உடம்புக்கும் மனதுக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும், அதற்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன் அம்மா பக்கத்தில் நின்று, காதுக்கு மேல் முடி வெட்டிக்கொண்டாயா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். அன்றைக்கு நல்லது நல்லது என்று சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தம்பி. போயிட்டு வரட்டும் என்று சொன்னது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

(ஞாயிறு காலை, ஒன்பது மணிக்கு மேல். அதற்கு முன்னால் உன் அம்மா மிக்ஸி போடுவாள்.)