எல்லாம் உயிரோட இருக்கு

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலைத் தேநீரை ஆற்றிக்கொண்டிருக்கும்போது போனில் உங்கள் பெயர் வந்தது. "பார்த்தனான். எல்லாம் உயிரோட இருக்கு." நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் இதே நேரம், இதே வரி. இன்றும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அனுப்புவது நீங்கள் எழுதிய கணினி நிரல்தான் என்று எனக்குத் தெரியும். கண்டியில் நம் கந்தோரில், பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரே கணினி முன் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு பங்ஷனல் புரோகிராமிங் என்ற நிரலெழுதும் முறையைப் படித்தோமே. யாரோ வெளிநாட்டுப் பேராசிரியரின் வீடியோக்கள், திரையிலேயே முழுதாக வாசிக்கிற புத்தகம், முகம் தெரியாத தொண்டர்கள் விடை திருத்தித் தரும் பயிற்சித் தளம். எல்லாமே இலவசம். "இதெல்லாம் இருக்குன்னே நம்மாளுங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். "அப்ப தமிழில ஒரு பட்டியல் போடுவம்" என்றீர்கள். எதில் தொடங்குவது, எது டேட்டாவைத் தின்னும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினீர்கள்.

இலவசத் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். அதற்காகத்தான் அந்த நிரல். வாரம் ஒருமுறை ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து பார்க்கும். திறக்காததைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மிச்சமெல்லாம் இருக்கிறதென்று உங்கள் பெயரில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். "மெயில் அனுப்புற மாதிரி வெளியில கை வைக்கிற வேலையள் எல்லாத்தையும் ஒரு மூலையில ஒதுக்கி வையும். மிச்சம் சுத்தமா இருக்கும்" என்பீர்கள். அந்த மூலையில்தான் பிசகினீர்கள். சோதித்துப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருக்கும் உங்கள் அம்மாவின் முகவரியைப் போட்டீர்கள், எடுக்க மறந்துவிட்டீர்கள். பதில்கள் என்னிடம் வரும்படி வேறு வைத்திருந்தீர்கள். பிறகு டெங்கு வந்தது.

செத்தவீட்டுக்கு நானும் வந்தேன். அம்மா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆனாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த வாரம், உங்களுக்கு அவர் எழுதிய பதில் என் போனில் வந்து விழுந்தது. "பிள்ளை, ஆர் உயிரோட இருக்கினம்? நீ எங்க நிண்டு எழுதுறாய்?"

உடனே அவரை அழைத்தேன். "அம்மா, அது கம்ப்யூட்டர் தானா அனுப்புறது. நான் நிப்பாட்டிர்றேன்."

"தெரியும் பிள்ளை. நிப்பாட்டாதேங்கோ. அது வாற நாளிலதான் நான் அடுப்பு மூட்டுறன்" என்றார்.

அவர் முகவரி இருக்கும் வரியை அழிக்க அரை நிமிடம் போதும். எத்தனையோ முறை திறந்தேன், திறந்தபடியே மூடினேன். உங்கள் மேல் கோபமும் வருகிறது. இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டா போவது? பட்டியலோ சுருங்கிக்கொண்டே வருகிறது, இப்போது மூன்று இணைப்புகள்தான் மிச்சம். ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன எழுதும் என்று ஒரு நாள் வெறும் பட்டியலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அதற்கும் "எல்லாம் உயிரோட இருக்கு" என்றே வந்தது. வெறுமைக்கென்று நீங்கள் தனியாக ஒன்றும் எழுதவில்லை. அன்று கணினியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

இன்று அம்மாவின் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "சாப்பிட்டியோ? கண்டியில இப்பவும் குளிரே?"

எட்டு மாதமாக அவர் வாராவாரம் எழுதிய ஒன்றுக்கும் பதில் எழுதாதவள், இன்று எழுதினேன். "ஓம் அம்மா, சாப்பிட்டன். குளிர்தான்." உங்கள் பேச்சில் எழுதினாலும் என் பெயரில்தான் போனது. செய்தது சரியா, தெரியவில்லை.

"நான் பின்னித் தந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரு" என்று உடனே வந்தது.

கந்தோர்க் கதிரையில் நீங்கள் விட்டுப்போன அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் என் அலுமாரியில்தான் இருக்கிறது. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு அளவாக இருக்கிறது.